அரிக்கமேட்டு மண்ணில் ரோமாபுரி முத்திரை!

அது ஒரு சின்னஞ்சிறு கல். மோதிரத்தில் பதிக்கும் அளவுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பேராசிரியர் வியப்பில் ஆழ்ந்துபோனார்.

கல்லில் ஓர் ஆண்மகனின் தலை செதுக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டு முகம் அல்ல. வடநாட்டு முகமும் அல்ல. பழைய நாணயங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. அந்த முகத்தை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"இது அகஸ்டஸ் சீசர்!"

ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் எங்கே? புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மண்மேடு எங்கே? கடல் கடந்து, 2 ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து, அவர் முகம் இங்கே எப்படி வந்தது?

அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஆற்றங்கரை மேடு

புதுச்சேரியிலிருந்து தெற்கே சுமார் 4 கிலோ மீட்டர் சென்றால் அரியாங்குப்பம் ஆறு வரும். கடலில் கலப்பதற்கு முன் அந்த ஆறு வளைந்து நெளிந்து ஓடுகிறது. அதன் கரையில் உள்ளதுதான் அரிக்கமேடு. பக்கத்தில் காக்காயன்தோப்பு. சற்றுத் தள்ளி மீனவர்கள் வாழும் வீராம்பட்டினம்.

புதிதாகப் போகிறவருக்கு அங்கே பெரிதாக ஒன்றும் தெரியாது. மரங்கள், மண், ஆற்றுத் தண்ணீர், இடிந்துபோன ஒரு பழைய கட்டிடம். அந்தக் கட்டிடமும் ரோமாபுரிக் காலத்தது அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பாதிரிமார்கள் கட்டியது.

ஆனால் மழை பெய்து மண் கரைந்தால், அங்கே நிறம் நிறமாக மணிகள் தலைகாட்டும். சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு! கடுகு அளவில் சில. மிளகு அளவில் சில. ஊர்ப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுப் பொருள்.

பிரெஞ்சுப் பேராசிரியர் ஜூவோ துப்ரேய் புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். பல்லவர் காலத்துக் கோயில்களையும் சிற்பங்களையும் ஆராய்ந்து பெரும் பெயர் பெற்றவர். 1937-ஆம் ஆண்டில் அவர் அரிக்கமேட்டுக்குப் போனார். பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். தாமும் குனிந்து மண்ணில் தேடினார். அப்படிச் சேர்ந்த பொருள்களில் ஒன்றுதான் அகஸ்டஸ் முகம் பதித்த அந்தக் கல்.

இன்னொரு கல்லும் கிடைத்தது. அதில் சிறகு முளைத்த ஒரு சிறுவன். அருகே ஒரு பறவை. அந்தச் சிறுவன் ரோமானியர்களின் மன்மதன். "க்யூபிட்" என்பது அவர்கள் வைத்த பெயர்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்த மன்மதன் கல்லின் ஓரம் தேய்த்து முடிக்கப்படவில்லை. வேலை பாதியில் நின்றிருந்தது. மேல்நாட்டு முத்திரைக் கலைஞன் ஒருவன் அரிக்கமேட்டிலேயே உட்கார்ந்து அதைச் செதுக்கியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். விற்க வந்த சரக்கு என்றால் வேலை முடிந்தல்லவா வந்திருக்கும்?

கையெழுத்துக்குப் பதில் மோதிரம்

இன்று நாம் கையெழுத்துப் போடுகிறோம். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கிறார்கள். அந்தக் காலத்து ரோமாபுரியில் இந்த வேலையை மோதிரம் செய்தது.

கடிதம் எழுதி, நூலால் கட்டி, மெழுகு வைத்து, அதன்மேல் மோதிரத்தை அழுத்துவார்கள். கல்லில் உள்ள உருவம் மெழுகில் பதியும். பணப்பெட்டிக்கும் முத்திரை. உயிலுக்கும் முத்திரை. முத்திரை உடைந்திருந்தால், யாரோ திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஆகவே கல்லில் உருவத்தைக் குழியாகச் செதுக்க வேண்டும். அப்போதுதான் மெழுகில் அது மேடாக எழும். அதுமட்டுமா? இடப்பக்கத்தை வலப்பக்கமாக மாற்றிச் செதுக்க வேண்டும். கண்ணாடியில் பார்ப்பதுபோல! எழுத்து இருந்தால் அதையும் திருப்பி வெட்ட வேண்டும்.

கல்லோ, நகத்தின் அளவு. வில்லில் கயிற்றைச் சுற்றி, அதனால் சுழலும் மெல்லிய ஊசி போன்ற கருவிதான் ஆயுதம். அதன் முனையில் எண்ணெயும் குருந்தக்கல் பொடியும் தடவிச் சுழற்றுவார்கள். கல்லை அறுப்பது அந்தப் பொடிதான். ஒரு மூக்கையோ கண்ணையோ செதுக்க எவ்வளவு பொறுமை வேண்டும்!

அகஸ்டஸ் சக்கரவர்த்தியே மூன்று முத்திரைகளை மாற்றியவர். முதலில் அவர் முத்திரையில் ஸ்பிங்க்ஸ் இருந்தது. பெண் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை மிருகம் அது. விடுகதை போடுவதில் பேர்போனது. "சக்கரவர்த்தியின் கடிதமும் விடுகதைதான்" என்று ஊரார் கேலி பேசினார்களாம்! பிறகு மாவீரன் அலெக்சாண்டரின் உருவத்தை வைத்துக்கொண்டார். கடைசியாகத் தம் முகத்தையே முத்திரை ஆக்கினார். அதைச் செதுக்கியவர் டயாஸ்கரிடீஸ் என்ற கைதேர்ந்த கலைஞர்.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் பட்டணம் என்ற ஊர் இருக்கிறது. பழைய முசிறித் துறைமுகம் அதுவாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. அண்மை ஆண்டுகளில் அங்கே நடந்த அகழ்வாராய்ச்சியில் ஸ்பிங்க்ஸ் உருவம் செதுக்கிய ஒரு கல் கிடைத்தது. மேற்குக் கடற்கரையில் ஸ்பிங்க்ஸ். கிழக்குக் கடற்கரையில் அகஸ்டஸ் முகம்!

ஏழைக்கும் ஒரு முத்திரை

செதுக்கிய கல் மோதிரம் பணக்காரர்களுக்குச் சரி. சாதாரணச் சிப்பாயும் கடைக்காரனும் என்ன செய்வார்கள்? அவர்களுக்கும் மோதிர ஆசை இருக்காதா?

அந்த ஆசைக்கு வழி செய்தது கண்ணாடி.

ஒரு நல்ல செதுக்குக் கல்லை எடுத்து, பிசைந்த களிமண்ணில் அழுத்துவார்கள். களிமண்ணில் உருவம் மேடாகப் பதியும். அந்தக் களிமண்ணைச் சுட்டால் அச்சு தயார். நெருப்பில் இளகிய கண்ணாடித் துண்டை அந்த அச்சின்மேல் அழுத்தினால், கண்ணாடியில் உருவம் மறுபடியும் குழியாக விழும். மூலக் கல்லில் இருந்தது போலவே!

ஒரு கல்லைச் செதுக்கப் பல நாள் ஆகும். ஓர் அச்சு இருந்தால் கண்ணாடியில் பல மோதிரக் கற்களை வார்த்துவிடலாம். விலையும் குறைவு. கண்ணாடியில் நிறம் சேர்த்து, அசல் கல்லின் சாயலையும் கொண்டுவந்தார்கள். அடியில் கருநீலம், மேலே வெளிர்நீலம் என்று இரண்டு அடுக்காக வார்த்து, விலையுயர்ந்த கல்போலவே காட்டினார்கள்.

இந்த மோதிரக் கற்கள் அடிக்கடி தொலைந்தும் போயின. வேல்ஸ் நாட்டில் கார்லியான் என்ற ஊரில் ரோமானியப் படைவீரர்களின் குளியல் கூடம் ஒன்று இருந்தது. அதன் சாக்கடையைத் தோண்டியபோது 80-க்கும் மேற்பட்ட செதுக்குக் கற்கள் கிடைத்தன! வெந்நீர் ஆவியில் பசை இளகி, மோதிரத்திலிருந்து கல் நழுவி விழுந்திருக்கிறது. ஆற்றில் குளிக்கும்போது தோட்டையும் மூக்குத்தியையும் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்களே, அதே கதைதான்!

மகாராணியை ஏமாற்றிய வியாபாரி

கண்ணாடியை அசல் கல் என்று சொல்லி விற்கும் பேர்வழிகளும் இருந்தார்கள். இதைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு.

3-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியை ஆண்டவர் கேலியனஸ். அவருடைய ராணியிடம் ஒரு வியாபாரி கண்ணாடிக் கற்களை ரத்தினம் என்று சொல்லி விற்றுவிட்டான். குட்டு வெளிப்பட்டது. ராணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவனைத் தண்டித்தே தீர வேண்டும் என்றாள்.

அவனைச் சிங்கத்துக்கு இரையாக்குவது போல ஏற்பாடு செய்தார் அரசர். வியாபாரி நடுநடுங்கி நின்றான். கூண்டின் கதவு திறந்தது.

உள்ளே இருந்து வெளியே வந்தது ஒரு சேவல்!

கூடியிருந்தவர்கள் திகைத்தார்கள். அரசர் விளக்கம் சொல்லச் சொன்னார். ஏமாற்றியவன் ஏமாற்றப்பட்டான், அவ்வளவுதான் என்று அறிவித்தார்கள். வியாபாரி உயிர் பிழைத்தோம் என்று ஓடிப்போனான்.

கதை எவ்வளவு உண்மையோ! ஆனால், அசலையும் போலியையும் பிரித்தறிய முடியாமல் அந்தக் காலத்து மக்கள் திண்டாடியது உண்மை. 1-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற ரோமானிய அறிஞர் இதைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அசல் கல் கையில் குளிர்ச்சியாக இருக்கும், கனமாக இருக்கும் என்று சோதனைகளும் சொல்கிறார்.

அவர் இந்தியர்களையும் விடவில்லை. பளிங்குக்குச் சாயம் ஏற்றிப் போலி ரத்தினம் செய்ய இந்தியர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று புகார் சொல்கிறார். அதே பிளினிதான், இந்தியாவில் உடைந்த பளிங்கைக் கொண்டு கண்ணாடி செய்வதாகவும், அதற்கு ஈடான கண்ணாடி வேறு எங்கும் இல்லை என்று சொல்லப்படுவதாகவும் எழுதுகிறார். புகாரும் அவரே, புகழும் அவரே!

மணி செய்த கைகள்

அந்தப் புகழுக்கு அரிக்கமேட்டு மண் சாட்சி சொல்கிறது.

அங்கே கிடைத்த மணிகள் விற்பனைச் சரக்கு மட்டும் அல்ல. உடைந்த மணி, துளை போடாத மணி, பாதி தேய்த்த கல், கண்ணாடிக் கழிவு எல்லாம் கிடைத்தன. ஆகவே அது மணி செய்யும் பட்டறைகள் நிறைந்த இடம் என்பது தெளிவாயிற்று. சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், பளிங்கு முதலியவற்றில் கல்மணிகள் செய்தார்கள். கண்ணாடி மணிகளும் செய்தார்கள்.

கடுகு அளவுள்ள கண்ணாடி மணியில் துளை எப்படிப் போட்டார்கள்? ஊசியால் குத்தினார்களா?

இல்லை. துளை முதலிலேயே இருந்தது!

உருக்கிய கண்ணாடியை இரும்புக் குழாயின் முனையில் பெரிய கூம்பாகத் திரட்டுவார்கள். அதன் நடுவில் துவாரம் இருக்கும். கண்ணாடி இளகி இருக்கும்போதே நுனியைக் கொக்கியால் பிடித்து இழுப்பார்கள். கண்ணாடி மெல்லிய குழாயாக நீண்டு கொண்டே வரும். எவ்வளவு மெல்லியதாக இழுத்தாலும் நடுவில் உள்ள துவாரம் அடைபடாது. குழாய் ஆறியதும் துண்டு துண்டாக நறுக்குவார்கள். கூர்மையான முனைகள் மழுங்குவதற்குச் சாம்பலுடன் சேர்த்து மறுபடி சூடாக்குவார்கள். மணி தயார்!

இந்த வித்தை அழிந்துபோகவில்லை. ஆந்திராவில் திருப்பதிக்கு அருகே உள்ள பாப்பாநாயுடுபேட்டையில் 20-ஆம் நூற்றாண்டிலும் இதே முறையில் மணி செய்துவந்தார்கள். பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதைப் பார்த்து எழுதினார். அரிக்கமேட்டுத் தொழிலாளி எப்படி வேலை செய்திருப்பார் என்பது அதன்மூலம் விளங்கிற்று. இத்தகைய மணிகள் கப்பலேறித் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கும் சென்றன.

கண்ணாடி இங்கிருந்து போனது மட்டும் அல்ல, இங்கே வந்தும் இருக்கிறது. 1-ஆம் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடல் வழிக் குறிப்பு நூல் இருக்கிறது. "பெரிப்ளூஸ்" என்பது அதன் பெயர். முசிறியில் இறங்கும் சரக்குகளில் கண்ணாடிக் கட்டியையும் அது சேர்த்துச் சொல்கிறது. கிழக்குக் கரைத் துறைமுகங்களில் "பொதுகே" என்ற பெயரையும் குறிப்பிடுகிறது. அந்தப் பொதுகே, அரிக்கமேட்டுப் பகுதிதான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கூறுகிறார்கள். "புதுச்சேரி" என்ற பெயர் காதில் ஒலிக்கிறதல்லவா?

வானம் பார்க்க வந்தவர்

அரிக்கமேட்டின் பழமையை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் வான ஆராய்ச்சியாளர். பெயர் லெ ழாந்தீ. பிரான்சு நாட்டவர்.

சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் கடந்து போவது மிக அபூர்வமான காட்சி. 1761-இல் நிகழவிருந்த அதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வரப் புறப்பட்டார். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பலிலேயே தங்க வேண்டியதாயிற்று. அடுத்த காட்சி 1769-இல். திரும்பிப் போகாமல் காத்திருந்தார். புதுச்சேரிக்கு வந்து எல்லாம் தயார் செய்தார். அந்த நாள் வந்தது. மேகம் வந்து மூடிக்கொண்டது!

வானம் அவரைக் கைவிட்டது. ஆனால் மண் கைவிடவில்லை. வீராம்பட்டினத்துப் பக்கம் பூமிக்குள்ளிருந்து ஊர்மக்கள் பெரிய பெரிய பழஞ்செங்கற்களை எடுப்பதைப் பற்றி அவர் எழுதி வைத்தார். யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. செங்கற்கள் போய்க்கொண்டே இருந்தன.

உடைந்த சட்டி சொன்ன உண்மை

துப்ரேய்க்குப் பிறகு 1940-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தோண்டினார்கள். தோண்டியவர்கள் பயிற்சி பெற்ற அகழ்வாராய்ச்சியாளர்கள் அல்லர். கிடைத்த பொருள்களில் சில சென்னைக்கும், சில வியட்நாமில் உள்ள ஹனோய் நகரத்துக்கும் போயின.

1944-இல் மார்ட்டிமர் வீலர் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக வந்தார். சென்னை அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தபோது ஒரு ஜாடித் துண்டு அவர் கண்ணில் பட்டது. ரோமாபுரியில் திராட்சை மது கொண்டுபோகும் ஜாடி அது! "எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். புதுச்சேரி என்று தெரிந்ததும் புறப்பட்டார். அங்கே நூல்நிலையத்தில் இன்னும் பல ஓட்டுத் துண்டுகளைப் பார்த்தார். சிவப்பாகப் பளபளக்கும் துண்டுகள் சில அவற்றில் இருந்தன. இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரில் செய்த மண்பாண்டம்!

1945-இல் வீலர் அரிக்கமேட்டில் தோண்டினார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது.

வீலர் தேடியது தங்கம் அல்ல, ரத்தினமும் அல்ல. உடைந்த சட்டிகளை! ஏன்?

அரெஸ்ஸோ சட்டிகள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டவை என்பது இத்தாலியில் தெரியும். அதில் குயவர்களின் முத்திரையும் இருக்கும். அந்தச் சட்டி எந்த மண் அடுக்கில் கிடைக்கிறதோ, அந்த அடுக்கின் காலம் தெரிந்துவிடும். அதே அடுக்கில் நம் ஊர்ச் சட்டி கிடைத்தால் அதன் காலமும் தெரிந்துவிடும். பிறகு அதே வகை நம் ஊர்ச் சட்டி தென்னாட்டில் வேறு எங்கே கிடைத்தாலும், அந்த இடத்தின் காலத்தைக் கணக்கிடலாம். உடைந்த ஓடு ஒன்று தென்னாட்டுச் சரித்திரத்துக்கே நாள்காட்டி ஆகிவிட்டது!

பின்னர் 1947 முதல் 1950 வரை காஸால் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.வி. ராமனும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்பதும், ரோமானிய வாணிபம் குறைந்த பின்னும் ஊர் அழிந்துவிடவில்லை என்பதும் தெரிய வந்தன. தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. துப்ரேய் அதை ரோமாபுரி நகரம் என்றார். உண்மையில் அது நம் மக்கள் உண்டாக்கிய ஊர். ரோமானியர் அங்கே வாடிக்கைக்காரர்கள்!

பேச முடியாத கல்

இப்போது அகஸ்டஸ் கல்லுக்குத் திரும்புவோம்.

அது எந்த ஆழத்தில் கிடந்தது? பக்கத்தில் என்ன இருந்தது? பட்டறையிலா, வீட்டிலா, குப்பைக் குழியிலா? அதை இழந்தவர் ரோமானிய வியாபாரியா? அல்லது ஆசைப்பட்டு வாங்கிய தமிழரா? கல் கிடைத்தது. ஆனால் கிடைத்த இடத்தின் கதை கிடைக்கவில்லை. மண்ணோடு இருந்தவரை அதற்கு வாய் இருந்தது. மண்ணைவிட்டு வந்ததும் ஊமையாகிவிட்டது.

மதிப்பில்லாத ஓட்டுத் துண்டு சரித்திரம் சொன்னது. சக்கரவர்த்தி முகம் பதித்த கல்லோ வியப்பை மட்டும் தந்தது. என்ன வேறுபாடு? ஒன்று இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு எடுத்தார்கள். மற்றொன்றைப் பொறுக்கி எடுத்தார்கள்.

பொறுக்கிய பிள்ளைகள்மேல் குற்றம் இல்லை. நிறமணியைக் கண்டால் எந்தக் குழந்தைதான் எடுக்காது? செங்கல்லைப் பெயர்த்த ஊர்மக்கள்மேலும் குற்றம் இல்லை. வீடு கட்டச் செங்கல் வேண்டும், கையருகே கிடந்தது. அதன் மதிப்பை யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நமக்கு இப்போது தெரிந்துவிட்டது. அரிக்கமேடு மத்திய அரசின் தொல்பொருள் துறையால் பாதுகாக்கப்படும் இடம். அனுமதி இல்லாமல் அங்கே தோண்டுவது குற்றம். ஆனால் சட்டம் மட்டும் எத்தனை நாள் காவல் காக்கும்? ஒரு பக்கம் ஆறு கரையை அரிக்கிறது. மறு பக்கம் மழை மண்ணைக் கரைக்கிறது. மிச்சம் இருப்பதையாவது மனிதர் கை கலைக்காமல் இருக்க வேண்டும்.

அடுத்த முறை புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு அரிக்கமேட்டுக்கும் போய்வாருங்கள்.

அங்கே மண்ணில் ஒரு சிவப்பு மணி உங்கள் காலடியில் மின்னலாம். கை பரபரக்கும். எடுக்காதீர்கள்! அது இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருள் துறையினரிடம் சொல்லுங்கள்.

அந்த மணியைச் செய்தவர் தம் பெயரை எழுதி வைக்கவில்லை. அவர் முகத்தை எந்தக் கல்லிலும் யாரும் செதுக்கவில்லை. சூளைக்கு முன்னால் வேர்வை சிந்திய அந்தத் தமிழ்த் தொழிலாளிக்கு இருக்கும் ஒரே முத்திரை அந்த மணிதான். அதையும் நாம் ஊமையாக்கிவிட வேண்டாமே!